பெயர் ஒட்டிய பவளங்கள்: மண்டபத்தில் இருந்து தூத்துக்குடி வரை

திங்கள், மண்டபம்

இராமநாதபுரத்தில் இறங்கி, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து மண்டபம் முகாம் சேர்ந்தபோது உச்சி வெயில். பங்குனி மாதம். வாடைக்காற்று அடங்கிவிட்டது, தென்மேற்குக் காற்று இன்னும் கிளம்பவில்லை. மன்னார் வளைகுடாவில் தண்ணீர் ஓரளவு தெளிந்து கிடப்பது இந்த இடைவெளியில்தான். ஜூன் பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக் கடல் கலங்கிப் போய்விடும், முகமூடி போட்டு இறங்கினாலும் பயனில்லை.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இருப்பதாக எழுதப்பட்ட மென்பவளங்களின் பட்டியல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பல காலத்துக் கட்டுரைகள், அறிக்கைகள், ஆய்வேடுகள், இணையத் தரவுத்தளங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தொகுத்தது. ஒவ்வொரு வரியிலும் பெயர், இடம், ஆண்டு, யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கட்டங்கள். முதல் நான்கு கட்டங்கள் பெரும்பாலும் நிரம்பியிருக்கின்றன. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலி. அந்தக் காலிக் கட்டங்களுக்காகத்தான் இந்தப் பயணம்.

பவளம் என்றால் கல் மாதிரி இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மென்பவளத்துக்குப் பெரும்பாலும் பாறை கட்டும் வேலை கிடையாது. தொட்டால் ஈரத்தோல் போல இருக்கும். ஒரு கொத்தில் கூட்டமாகச் சிற்றுயிர்கள் (பாலிப்) வாழும்; ஒவ்வொரு சிற்றுயிருக்கும் எட்டு உணர்கொம்புகள், ஒவ்வொன்றின் இருபுறமும் சீப்புப் பல்லாகச் சிறு கிளைகள். எட்டு என்ற எண்ணும் அந்தக் கிளைகளும் இருந்தால் இது எண்கொம்புப் பவளக் கூட்டம். அது வரைக்கும் சிக்கல் இல்லை. அதற்குக் கீழே பேரினம், சிற்றினம் என்று இறங்கும்போதுதான் ஆளாளுக்கு ஒரு பெயர்.

என்னோடு வந்திருப்பவர் ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர். சார் என்றே அழைக்கிறேன். விடுதி அறையில் மின்விசிறிக்குக் கீழே மடிக்கணினியைத் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், பட்டியலில் இருந்த புள்ளிகளை எல்லாம் வரைபடத்தில் போட்டுப் பார்த்தது. சில புள்ளிகள் பரமக்குடிப் பக்கம் தரையில் விழுந்தன. ஒன்று ஆர்க்டிக் கடலில், சுவல்பார்டு தீவுகளுக்கு மேற்கே போய் உட்கார்ந்திருந்தது. மண்டபம் இருப்பது ஏறக்குறைய வடக்கு 9.2 பாகை, கிழக்கு 79.1 பாகை. யாரோ இரண்டையும் இடம் மாற்றித் தட்டிவிட்டார்கள். சினுலேரியா என்ற மென்பவளம் பனிக்கடலுக்குக் குடிபோய்விட்டது.

"இது பரவாயில்லைப்பா, தப்புன்னு பார்த்ததும் தெரியுது" என்றார் சார். "சரியான இடத்துல உட்கார்ந்துக்கிட்டுத் தப்பான பேரோட இருக்கே, அதுதான் ஆபத்து."

செவ்வாய், மண்டபம்

மண்டபத்துக்கு வந்தால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தை எட்டிப் பார்க்காமல் போக முடியாது. 1947இல் தொடங்கிய நிறுவனம். 1971இல் கொச்சிக்கு மாறும் வரை தலைமையகம் இங்கேதான் இருந்தது. தென்கடலின் பவளங்களைப் பற்றி எழுதியவர்களில் பலர் இந்த வளாகத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். கல்பவளங்களுக்கு சி. எஸ். கோபிநாத பிள்ளை இருந்தார், ஆயுள் முழுக்க அதையே பார்த்தார். அப்படி ஒருவர் மென்பவளத்துக்கு இந்தக் கரையில் வாய்க்கவில்லை என்பது என் எண்ணம். வேறு வேலைக்காக வந்தவர்கள் போகிற போக்கில் இதையும் பார்த்துப் பெயர் எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த 'வேறு வேலை'யில் முக்கியமானது வேதியியல். மென்பவளத்துக்கு ஓடும் இல்லை, ஓடவும் முடியாது. மீன் கடிக்காமல் இருக்க உடம்புக்குள் டெர்பீன் வகைச் சேர்மங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மருந்து கிடைக்குமா என்று அவற்றைத் தேடி மண்டபம் கரையில் கிலோக் கணக்கில் சேகரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கட்டுரைகளில் மூலக்கூறின் அமைப்பை ஒவ்வொரு அணுவாக நிறுவியிருப்பார்கள். அது எந்த உயிரில் இருந்து வந்தது என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தை அடுத்த கட்டுரை எடுத்துக்கொள்ளும், அதைப் பட்டியல் எடுத்துக்கொள்ளும், பட்டியலை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மதியத்துக்கு மேல், மண்டபத்துக்கு வெளியே ஒரு கல்லூரியின் பழைய சேகரிப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பெயர் வேண்டாம், நல்ல மனதோடு திறந்து காட்டினார்கள். மர அலமாரியில் கண்ணாடி ஜாடிகள். உள்ளே வெளுத்துப்போன சதைக்கட்டிகள். சீட்டுகளில் பாதி 'மன்னார் வளைகுடா' என்று மட்டும் சொல்கின்றன. பத்தாயிரத்து ஐந்நூறு சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகத்துக்கு அந்த ஒரு சொல்தான் முகவரி.

மென்பவளத்தின் பெயரைச் சொல்வது அதன் சதைக்குள் இருக்கும் ஸ்க்ளீரைட் என்ற சுண்ணாம்புத் துகள்கள். வெளித்தோற்றம் இடத்துக்கு இடம் மாறும். அலை அடிக்கும் இடத்தில் குட்டையாக வளர்வது, அமைதியான மடுவில் நீட்டி வளரும். துகள்கள் அப்படி அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. வழிமுறை எளிமையானது. குட்டித் துண்டு ஒன்றை வெட்டித் துணி வெளுக்கும் ப்ளீச்சில் போட்டால் சதை கரைந்து துகள்கள் அடியில் தங்கும். வாலை வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் வெட்டினால் போதாது. மடலின் மேல்தோல், மடலின் உள்சதை, அடிப்பாகத்தின் மேல்தோல், அடிப்பாகத்தின் உள்சதை, இவற்றோடு சிற்றுயிர் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சினுலேரியாவின் மேல்தோலில் கதை வடிவத் துகள்கள், பீமன் கையில் இருக்குமே அந்தக் கதை. உள்சதையில் இரு முனையும் கூரான பெரிய கதிர்கள். அடிப்பாகத்தைப் பிய்த்துப் பார்த்தால் அவற்றில் பெரியவை வெறுங்கண்ணுக்கே தெரியும், சில மில்லிமீட்டர் நீளம். கிளாடியெல்லா என்ற இன்னொரு பேரினத்தில் இரண்டு தலை வைத்த டம்பெல் வடிவம். பேரினம் வரைக்கும் போக இதுவே போதும்.

சினுலேரியாவில் மட்டும் 150க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. அதற்குள் எது என்று சொல்ல அந்தக் கதையின் தலையில் உள்ள மருக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து ஒருவர் சிற்றினப் பெயர் சொல்கிறார் என்றால், அவர் ஒன்று மேதை, இல்லை என்றால் அவசரக்காரர்.

சார் ஒரு ஜாடியைத் தேர்ந்தெடுத்தார். சீட்டில் சினுலேரியா பாலிடாக்டிலா. துண்டு வெட்டினோம், ப்ளீச் ஊற்றினோம், நுரைத்தது, கரைந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. இன்னொரு இடத்தில் வெட்டினோம். அங்கும் இல்லை. ஜாடி மூடியைத் திறந்தபோதே மூக்கில் ஏறிய நெடி காரணத்தைச் சொல்லிவிட்டது. ஃபார்மலின். அதில் காரம் எதுவும் சேர்த்துச் சமன் செய்யாமல் விட்டால் நாளாக ஆக அமிலத்தன்மை ஏறும். அமிலம் சுண்ணாம்பைத் தின்னும். சீட்டில் பெயர் பத்திரமாக இருக்கிறது, பெயருக்கான சாட்சி ஜாடிக்குள்ளேயே கரைந்துவிட்டது. ஃபார்மலினில் கிடந்ததால் மரபணு எடுப்பதும் மிகக் கடினம்.

கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது? 'மாதிரி உண்டு, சரிபார்க்க இயலாது' என்று எழுதினேன். சார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றார். ஆல்கஹாலில் போட்டிருந்த இரண்டு சிறிய ஜாடிகளில் துகள்கள் அருமையாக வந்தன. ஒன்று சினுலேரியாதான், ஆனால் சீட்டில் இருந்த சிற்றினம் அல்ல. மற்றொன்று சீட்டில் லோபோபைட்டம், உள்ளேயும் லோபோபைட்டம். மனதுக்கு இதமாக இருந்தது.

புதன், குருசடைத் தீவு

தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடிதம் கையில் இருந்தது, பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் விரல்நகம் அளவு துண்டு வெட்டுவதற்கும். பாம்பன் பக்கம் குந்துகாலில் இருந்து படகு. விவேகானந்தர் 1897இல் வெளிநாட்டுப் பயணம் முடித்து வந்து இறங்கிய கரை அது. இப்போது மீன் இறங்குதளமும் ஐஸ் பெட்டிகளும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள், மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கொத்து. 1986இல் தேசியப் பூங்கா ஆனது. அந்த எல்லாத் தீவுகளிலும் விலங்கியல் படித்தவர்களுக்கு மனப்பாடமான பெயர் குருசடை. சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே இந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி கிரேவ்லியும் மற்றவர்களும் எழுதிய இதழை வெளியிட்டது. அதன் பிறகு எத்தனையோ கல்லூரி மாணவர்கள் இங்கே வந்து முட்டிவரை தண்ணீரில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் பட்டியலில் குருசடைக்கு வரிகள் அதிகம் இருப்பதற்குக் காரணம் அங்கே மென்பவளம் அதிகம் என்பதாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பார்த்த கண்கள் அதிகம்.

தண்ணீருக்குள் முதலில் கண்ணில் பட்டது பாறையைப் போர்வையாக மூடிக் கிடந்த பழுப்பு விரிப்பு. பட்டியலில் ஒரு புகைப்படப் பதிவு இதை மென்பவளம் என்கிறது. அருகே போய் நிழல் விழாமல் காத்திருந்தேன். சிற்றுயிர்கள் மெல்ல விரிந்தன. உணர்கொம்புகள் குட்டை, வழவழப்பு, பக்கக் கிளை கிடையாது, எண்ணிக்கை எட்டைத் தாண்டி எங்கோ போகிறது. இது பாலித்தோவா. மென்பவளத்துக்குத் தூரத்து உறவு, கடல் சாமந்தியின் பக்கத்து உறவு. சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, அதனால் தொடவில்லை. ஒரு வரியை அடித்தாயிற்று.

கொஞ்சம் ஆழத்தில் தோல்நிறத்தில் காளான் குடை ஒன்று, மொழுக்கென்ற தண்டோடு. சார்கோபைட்டான் என்று தூரத்தில் இருந்தே தோன்றும். ஆனாலும் ஒரு சோதனை உண்டு. சினுலேரியாவில் சிற்றுயிர்கள் எல்லாம் ஒரே வகை. சார்கோபைட்டானிலும் லோபோபைட்டத்திலும் இரண்டு வகை. விரிந்து உணவு பிடிக்கும் பெரியவற்றுக்கு நடுவே, உணர்கொம்பு இல்லாமல் நீரை உள்ளிழுத்துத் தள்ளுவதையே தொழிலாகக் கொண்ட குட்டிகள். உருப்பெருக்கிக் கண்ணாடியை முகமூடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். பெரிய சிற்றுயிர்களுக்கு இடையில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரிந்தன. சார்கோபைட்டான் என்று பலகையில் எழுதினேன், சிற்றினக் கட்டத்தில் கோடு.

நீருக்கு அடியில் எழுதும் பலகையில் அன்று அந்தக் கோடுகள்தான் அதிகம். படகோட்டி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், எல்லாத்துக்கும் கோடு கோடா போட்டு வச்சிருக்கீங்க, காலையில இருந்து ஒண்ணுக்குமே பேரு கெடைக்கலையா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு விதத்தில் அவர் சொல்வது உண்மைதானே.

தீவின் ஓரம் சில இடங்களில் பச்சைப் பிளாஸ்டிக் கயிற்றுச் சிக்கல் போல ஒரு பாசி பவளத்தின் மேல் ஏறி நின்றது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ். 2008 வாக்கிலேயே இந்தத் தீவில் அது பவளங்களை மூடுவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். என் பட்டியலில் அதற்கு இடமில்லை, ஆனாலும் படம் எடுத்துக்கொண்டேன்.

வியாழன், பாக் விரிகுடாப் பக்கம்

காலையிலேயே கொண்டல் காற்று கொஞ்சம் தூக்கியது. நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், சரியில்லை என்று படகு கிளம்பவில்லை. வடக்குக் கரைக்கு நடந்து போனோம்.

பாசி எடுக்கும் பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத்தை வெட்டிக் கட்டி, முகமூடியோடு மணிக்கணக்கில் மூழ்கி எழுபவர்கள். ஒரு அக்காவிடம் கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். பெயர் கேட்கவில்லை, எங்கே கிடக்கும் என்று மட்டும் கேட்டேன். சார்கோபைட்டான் படத்தைப் பார்த்து, "இது ஆழத்துப் பக்கம் கல்லுல. மரிக்கொழுந்துப் பாசி இருக்கற எடத்துல இது கெடையாது தம்பி" என்றார். அடுத்த படத்தில், "இது இங்க இருந்துச்சு. வெந்நீர் வருசத்துல செத்துப் போச்சு." எந்த வருசம் என்று கேட்டதற்கு, மகளுக்குக் கல்யாணம் ஆன வருசத்தைச் சொல்லிக் கணக்குப் போட்டார். 2016 வந்தது. மன்னார் வளைகுடாவில் பெருமளவில் பவளம் வெளுத்த ஆண்டுகளில் ஒன்று அது.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்கள் அட்டவணையில் இடமே இல்லை. குறிப்பு என்று புதிய கட்டம் ஒன்றைச் சேர்த்தேன்.

வெள்ளி, கீழக்கரை

கீழக்கரைக்கு வந்தால் தொதல் வாங்காமல் போகக் கூடாது என்பது சாரின் கட்டளை. வாங்கினோம். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கையில் ஒட்டிக்கொள்ள, விசைப்பலகையைத் தொட முடியாமல் கொஞ்ச நேரம் பழைய ஆவணங்களை அவர் வாசிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் பட்டியலின் அடி வேர் 1902இல் இருக்கிறது. முத்துக்குளிப்பு ஏன் பொய்த்துப் போகிறது என்று கண்டுபிடிக்க இலங்கை அரசு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை வரவழைத்தது. அவரோடு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்துறையில் பெரிய பெயர் எடுத்தார். முத்துச்சிப்பிக்காகக் கடலைத் துழாவியபோது வலையில் வந்த அத்தனை உயிரையும் ஹெர்ட்மன் அந்தந்தத் துறை அறிஞர்களுக்கு அனுப்பினார். மென்பவளங்களும், விசிறி போலக் கிளைத்து நிற்கும் கடல்விசிறிகளும் எடித் பிராட், ஆர்தர் தாம்சன், ஹென்டர்சன் ஆகியோரிடம் போயின. 1905இல் அவர்கள் எழுதியவை அச்சாயின. கவனமான வேலை. துகள்களின் படம் வரைந்திருக்கிறார்கள், அளவு கொடுத்திருக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து வந்த பல கட்டுரைகளில் அது இல்லை.

சிக்கல் அவர்களிடம் இல்லை, நூலின் தலைப்பில் இருக்கிறது. 'மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி' அறிக்கை என்று பெயர். ஹெர்ட்மன் இலங்கையின் காலித் துறைமுகத்திலும் திருகோணமலையிலும்கூட வலை போட்டவர். அந்த மாதிரிகளும் இதே அறிக்கைக்குள்தான் இருக்கின்றன. தலைப்பை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் திருகோணமலைப் பவளம் கீழக்கரைக்கு வந்துவிடும். வளைகுடாவுக்குள் எடுத்தவையும் இலங்கைக் கரைப் பக்கம் எடுத்தவை. நடுவே எல்லைக்கோடு ஓடுவது பவளத்துக்குத் தெரியாதுதான், ஆனால் 'இந்தியாவில் உண்டு' என்று எழுதும் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று இரவு வரை அதையே பிரித்தோம். ஒவ்வொரு மாதிரிக்கும் இடம் எது என்று பக்கம் பக்கமாகத் தேடி, இலங்கை என்று ஒரு தனிப் பக்கம் போட்டோம். இந்தியப் பக்கம் மெலிந்துவிட்டது. சாருக்குக் கொஞ்சம் வருத்தம், எனக்கு இல்லை.

பழைய பெயர்களும் உருமாறியிருக்கின்றன. அன்று அல்சியோனியம் பாலிடாக்டிலம் என்று எழுதப்பட்டது இன்று சினுலேரியா பாலிடாக்டிலா. ஸ்பாங்கோடஸ் என்று எழுதியவற்றில் பல இன்று டென்ட்ரோநெப்தியா. ஒரே உயிர் இரண்டு பெயரில் இரண்டு வரியாக நிற்பதைப் பார்த்து இணைத்துக்கொண்டே போனோம். அந்தப் பாலிடாக்டிலாவே ஏரன்பெர்க் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1834இல் செங்கடலில் இருந்து விவரித்தது. விரல் விரலாக இருக்கும் எந்த சினுலேரியாவையும் அந்தப் பெயரில் எழுதிவைத்த பழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1980இல் வெர்செவெல்ட் என்ற டச்சுக்காரர் பழைய மூல மாதிரிகளைத் தேடி எடுத்துத் துகள்களைத் திரும்பப் பார்த்துப் பேரினம் முழுவதையும் சீர் செய்தார். ஆகவே எங்கள் விதி: 1980க்கு முந்தைய சினுலேரியா என்றால், மாதிரியோ துகள் படமோ இல்லாவிட்டால் பேரினத்தோடு நிறுத்து. கவரத்தி பெயரைத் தாங்கிய சினுலேரியா கவரத்தியென்சிஸ் 1991இல்தான் லட்சத்தீவில் இருந்து விவரிக்கப்பட்டது. அதற்கு முன் அதைப் பார்த்தவர்கள் வேறு ஏதோ ஒரு பெயரைத்தான் எழுதியிருக்க முடியும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. 1970களின் நடுவில் இருந்து இந்தக் கரைகளில் இருந்து கடல்விசிறிகள் உலர்த்தப்பட்டு ஏற்றுமதி ஆயின. 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளம், கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், இவற்றோடு கடல்விசிறிகள் அத்தனையும் சேர்ந்தன. புலிக்கு உள்ள பாதுகாப்பு. சினுலேரியா போன்ற மென்பவளங்களின் பெயர் அப்போது அந்த வரிசையில் வரவில்லை. அதாவது வலையில் சிக்கி வந்த ஒரு கொத்து கடல்விசிறியா மென்பவளமா என்று யாரோ ஒருவர் சொல்வதை வைத்து ஒரு மீனவரின் மேல் வழக்கு பாயலாம், பாயாமலும் போகலாம். சொல்பவர் கையில் துகள் படம் இருக்குமா?

சனி, கிழக்குக் கடற்கரைச் சாலை

சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. இரண்டு பக்கமும் பனை, உப்பளம், உடை மரம். இந்தக் கரைக்கு நேரே கடலுக்குள் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும். சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, வெட்டி எடுத்த காலத்தின் விளைவு. பேருந்தில் சாருக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதம் இன்னொன்றைப் பற்றி: கரிஜோவா ரீசி.

வெள்ளைப் பூப்போன்ற சிற்றுயிர்களோடு கொத்தாகக் கிளைத்து வளரும் மென்பவளம். வெளிச்சம் பிடிக்காது. படகுத்துறைத் தூண், மூழ்கிய கப்பல், பாறை இடுக்கின் நிழல், இவைதான் வீடு. 1860இல் கரீபியக் கடலில் செயின்ட் தாமஸ் தீவில் இருந்து விவரிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் தென்பட்டது. பிறகு அங்கே ஆழத்தில் கருப்புப் பவளங்கள் மேல் படர்ந்து மூச்சை அடைத்தது. பிறந்த ஊர் கரீபியம் என்று இருந்ததால், கரீபியத்தில் இருந்து கப்பல் அடிப்பாகத்தில் ஒட்டி வந்த படையெடுப்பாளர் என்று முத்திரை. 2011இல் மன்னார் வளைகுடாவிலும் பார்த்ததாகச் செய்தி வந்தபோது, இங்கேயும் பவளங்களுக்குப் புதிய ஆபத்து என்ற தொனியில் எழுதப்பட்டது.

பிறகு உலகம் முழுவதும் இருந்து துண்டுகள் சேகரித்து மரபணுவை ஒப்பிட்டார்கள். மரபணு வேறுபாடு இந்திய பசிபிக் பகுதியில்தான் ஏராளம். அட்லாண்டிக்கில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. அதாவது பயணம் நேர்மாறான திசையில் நடந்திருக்கிறது. இந்தப் பக்கம் இருந்து அங்கே போனதற்கு, அங்கே முதலில் பெயர் கிடைத்துவிட்டது. பழைய இந்தியப் பதிவுகளில் டெலெஸ்டோ என்ற பேரினப் பெயரில் இதன் நெருங்கிய உறவுகள் கிடக்க வாய்ப்பு உண்டு. அவற்றை யாரும் கரிஜோவாவோடு சேர்த்துத் தேடியிருக்க மாட்டார்கள்.

சாரின் கட்சி: பட்டியலில் 'அந்நிய இனம்' கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். என் கட்சி: ஹவாயில் அந்நியமா என்பது வேறு கேள்வி, இந்த வளைகுடாவில் அது எப்போதும் இருந்ததா, துறைமுகம் வளர்ந்த பிறகு வந்ததா என்பதை மரபணு மட்டும் சொல்லாது. இந்திய பசிபிக் பகுதி பெரியது, உள்ளூரிலேயே கப்பல் ஏறலாம். வேம்பார் தாண்டும் வரை பேசினோம். கடைசியில் அந்தக் கட்டத்தில் 'தோற்றம் தெளிவில்லை' என்று எழுத இருவரும் சம்மதித்தோம். இறங்கியதும் மக்ரூன் வாங்கிச் சமாதானம்.

ஞாயிறு, தூத்துக்குடி

காலையில் வான் தீவுப் பக்கம் போனோம். அரிப்பில் சுருங்கிச் சுருங்கித் துண்டாகிப் போன தீவு. 2015இல் இருந்து அதைச் சுற்றி அலையைத் தணிக்கச் செயற்கைப் பாறைத்திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். கான்கிரீட்டின் நிழல் பக்கத்தில் கிளைத்த வெள்ளைக் கொத்து ஒன்றைப் பார்த்தேன். கரிஜோவா. சிற்றினத்துக்குக் கோடு. விரல்நகம் அளவு துண்டு, 95 விழுக்காடு ஆல்கஹால் குப்பி, பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளேயே. பேனா மை ஆல்கஹாலில் கரையும், அதனால் பென்சில்.

மரபணு பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மீனுக்கு அது பெரும்பாலும் சரி. மைட்டோகாண்ட்ரியாவில் சிஓஐ என்ற ஒரு மரபணுத் துண்டை வாசித்தால் பெயர் வந்துவிடும். எண்கொம்புப் பவளங்களின் மைட்டோகாண்ட்ரியா மிக மெதுவாக மாறுவது. வேறு விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் இல்லாத மட்எஸ் என்ற மரபணு அதற்குள் இருக்கிறது. அதையும் சேர்த்து வாசித்தாலும் பல சினுலேரியாக்கள் ஒன்றுபோலவே வரும். உட்கருவில் இருந்து 28எஸ் துண்டையும் சேர்க்கிறார்கள். அப்புறமும் சில ஜோடிகள் பிரிவதில்லை. சார்கோபைட்டானும் லோபோபைட்டமும் சில இடங்களில் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே நிற்கின்றன, கண்ணால் பார்த்தால் ஒன்று குடை, ஒன்று மடல். ஆக, துகளும் வேண்டும், மரபணுவும் வேண்டும், நீருக்கடியில் எடுத்த படமும் வேண்டும்.

2022இல் மெக்ஃபேடன், வான் ஆஃப்வேகன், குவாட்ரினி என்ற ஆய்வாளர்கள் மூவரும் எண்கொம்புப் பவளங்களின் வகைப்பாட்டையே புரட்டிப் போட்டார்கள். பழைய வரிசைகள் போய், மலாக்கல்சியோனேசியா, ஸ்க்ளெரால்சியோனேசியா என்று இரண்டே வரிசை. சினுலேரியாவுக்குத் தனிக் குடும்பம், கிளாடியெல்லாவுக்குத் தனிக் குடும்பம். கடல்விசிறி என்று நாம் சொல்வது ஒரே குலம் இல்லை, பல குலங்கள் தனித்தனியாக எடுத்த உருவம் என்பது அவர்கள் போட்ட பரிணாம மரத்தில் தெளிவாகத் தெரிகிறது. அட்டவணையில் 'கடல்விசிறிகள் அத்தனையும்' என்று எழுதிய சட்டத்துக்கு இது எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்தேன், சாரிடம் கேட்டேன். "உயர்நீதிமன்றத்துல ஒரு கேஸ் வரட்டும், அப்பத் தெரியும்" என்றார்.

மாலையில் அட்டவணையை உட்கார்ந்து முடித்தோம். மாதிரியும் துகளும் சேர்ந்து நின்ற வரிகளுக்குப் பச்சை. பெயர் மட்டும் இருந்தவற்றைப் பேரினத்துக்கு இறக்கினோம். இலங்கைக்குப் போக வேண்டியவை இலங்கைக்குப் போயின. சுவல்பார்டு சினுலேரியா மண்டபத்துக்குத் திரும்பியது, சிற்றினப் பெயரை இழந்துகொண்டு. பட்டியல் பாதியாகக் குறைந்ததைப் பார்த்தால் திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் சந்தோஷப்பட மாட்டார்கள், பல்லுயிர் வளம் குறைந்துவிட்டதாக யாராவது தலைப்புப் போட்டாலும் போடலாம். அதனால் அடித்த வரிகளை அழிக்காமல் சாம்பல் நிறத்தில் விட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதிவைத்திருக்கிறோம். நாளைக்கு யாராவது ஒரு ஜாடியைத் திறந்து துகளைக் காட்டினால் திரும்பப் பச்சையாகும்.

குப்பிகளை நாளைக் காலை கூரியரில் போட முடியாது, ஆல்கஹால் என்றால் வாங்க மாட்டார்கள். சார் ரயிலில் கையோடு எடுத்துப் போகிறார். நான் இங்கே இன்னும் இரண்டொரு நாள், துறைமுகத்துப் பக்கம் சங்கு குளிக்கும் ஒருவர் நிழல் பாறை ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.